எஞ்சின் அறையில் காய்ந்த கிட்டார்

வியாழக்கிழமை காலை போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் அறிவிப்புப் பலகையில் ஹட்பே கப்பலுக்கு நேராக மறுபடியும் ‘ரத்து’ என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமையே திரும்பியிருக்க வேண்டிய கப்பல். காற்று அடங்கவில்லை என்று அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெயராணி அந்த ஒரு சொல்லை மூன்று முறை வாசித்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், வாசல் வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தாள்.

பலகைக்குக் கீழே நின்ற மற்றவர்களுக்கெல்லாம் அந்தக் கப்பலில் ஆட்கள் இருந்தார்கள். ஜெயராணிக்கு இருந்தது ஒரு கட்டை. இரண்டடிக்கும் சற்று நீளமாக, பழைய போர்வையில் சுற்றப்பட்ட ஒரு கிட்டாரின் கழுத்து. அது எஞ்சின் அறையில், புகைக்குழாய்க்கு மேலே, கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெயராணி கப்பல் பணிமனையில் மோட்டார் வைண்டிங் பார்ப்பவள். பம்பு, விசிறி, நங்கூரச் சங்கிலி இழுக்கும் மோட்டார் என்று எரிந்துபோய் வரும் எதையும் பிரித்து, கரிந்த செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவாள். பதினாறு வருடமாக இதே மேசை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அவள் கச்சாலில் பிறந்து, போர்ட் பிளேருக்குப் படிக்க வந்து, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் ஒரே பெண்ணாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேறியவள். அதிகம் பேசமாட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப்போய்ப் பார்க்கிற ரகம்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசர், சத்தம் நின்றுபோன எலக்ட்ரிக் கிட்டாரை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். “வேற யார்கிட்ட காட்டறதுன்னு தெரியல. கரண்ட் சம்பந்தப்பட்டதுன்னா உங்ககிட்டதானே வரணும்” என்றார். கம்பிகளுக்குக் கீழே இருந்த சிறிய மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஆறு காந்தங்களும் அவற்றைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளும், அதாவது காயிலும். விசிறிக்குள் இருக்கிற அதே விஷயம்தான். கம்பி மட்டும் தலைமுடியை விட மெல்லியது. மெயின்லேண்டிலிருந்து கம்பி வரவழைத்து, வீட்டுத் தையல் மெஷினின் சக்கரத்தில் பொருத்தி எட்டாயிரம் சுற்றுச் சுற்றினாள். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை ஆபீசர் ஒரு கம்பியைத் தட்டியபோது, அவள் சுற்றிய செம்பு மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

அதன் பிறகு டாலிகஞ்ச் வீட்டின் பின்கட்டில் நான்கு கிட்டார்கள் செய்துவிட்டாள். ஏலத்தில் எடுத்த பழைய படாக் மரக் கதவு நிலையை அறுத்து உடம்பு செய்வாள். காயிலைத் தானே சுற்றுவாள். கழுத்தை மட்டும் தபாலில் வாங்குவாள். அது கணக்குப் பிசகக் கூடாத வேலை, தன்னால் ஆகாது என்று நினைத்திருந்தாள். ஒரு பாட்டுக்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, போனில் சுருதி காட்டும் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

“வீட்ல நாலு கிட்டாரு. வாசிக்கத்தான் நாதியில்ல” என்பார் அவள் கணவர் ரவிச்சந்திரன். ஆட்டோ ஓட்டுகிறவர். “ஏ ராணி, அடுத்ததா ஒரு ஜஹாஜ் செய். அந்தக் கப்பலையும் ஓட்டாம மாட்டி வைப்போம்.”

ஐந்தாவது கிட்டார்தான் முதன்முதலாக இன்னொருவருக்காகச் செய்வது.

தேவேந்திரன் மாயாபந்தர்க்காரன். பாக்குத் தோப்பில் வேலை, ஒழிந்த நேரத்தில் இன்னிசைக் குழுவில் கிட்டார். போன வருடம் பாக்குக் குலை வெட்டும்போது கத்தி வழுக்கி இடது கையில் இறங்கியது. காயம் ஆறிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் நீளவே மறுத்தது. பழைய கிட்டாரின் அகலமான கழுத்தைப் பிடித்தால் அந்த விரல் கம்பிக்கு எட்டவில்லை. யாரோ சொல்லி ஜெயராணியைத் தேடி வந்தான். அவள் ஒரு செம்புக் கம்பியை எடுத்து, அவன் உள்ளங்கைக்குள் வைத்துப் பிடிக்கச் சொல்லி, பிடியின் வளைவு அப்படியே பதிந்ததும் மெதுவாக உருவி ஆணியில் மாட்டினாள். இந்தக் கைக்கு எந்தத் தபாலிலும் கழுத்து வராது. தானே செதுக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்த நேரத்திலேயே பயமும் வந்துவிட்டது.

கம்பியை இறுக்கும் முறுக்காணிகளும் காயிலும் பழைய கிட்டாரிலிருந்தே எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அவன் கண்ணெதிரிலேயே அதைப் பிரித்தாள். அதாவது, இப்போது அவனிடம் வாசிக்க வேறு கிட்டார் இல்லை. வரும் திங்கட்கிழமை சப்தமி. மாயாபந்தரில் துர்கா பூஜைப் பந்தலில் அன்று முதல் மூன்று நாள் அவர்கள் குழுவின் நிகழ்ச்சி. காயம் பட்டதிலிருந்து மேடை ஏறாத தேவேந்திரனிடம் குழுத் தலைவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கீபோர்டிலேயே கிட்டார் சத்தம் வருகிறது, சப்தமிக்கு நீ கிட்டாரோடு நின்றால் உன் இடம் உனக்கு, இல்லாவிட்டால் இனி வர வேண்டாம்.

இந்தத் தீவில் வருடத்தில் எட்டு மாதம் எதுவும் காயாது. துணி காயாது, அரிசி புழுங்கும், மரம் குடித்த தண்ணீரைக் கக்காது. அதற்கு ஜெயராணி ஒரு வழி வைத்திருந்தாள். அறுத்த பலகையைக் கப்பலின் ஆயில்மேன் சிவஞானத்திடம் கொடுத்துவிடுவாள். அவர் அதை எஞ்சின் அறைச் சூட்டில் கட்டித் தொங்கவிடுவார். பலகை ஹட்பேக்கும் ஹேவ்லாக்குக்கும் ஒரு மாதம் போய் வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பாள். எடை குறைவது நின்றால் மரம் தயார். அவள் செய்த நான்கு கிட்டார்களின் உடம்புகளும் அவளைவிட அதிகமாகக் கடல் பார்த்தவை.

மேல்பூச்சுக்கும் அதே வழிதான். மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷையே பூசுவாள்; தேன் நிறத்தில் கெட்டியாக நிற்கும், ஆனால் சூடு பட்டால்தான் இறுகும். தேவேந்திரனின் கிட்டாருக்கான கழுத்தைச் செதுக்கி, அதன் மேலே, விரல்கள் கம்பியை அமுக்கும் விரல் பலகையை ஒட்டி, வார்னிஷ் பூசி, ஞாயிற்றுக்கிழமை சிவஞானத்திடம் கொடுத்தாள். இரண்டு நாள் போதும், செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வரவில்லை. அன்று சாயங்காலம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது வெள்ளைப் பசை டப்பா கையில் பட்டது. காரணமில்லாமல் பின்பக்கத்தைத் திருப்பினாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சூடான இடத்தில் வைக்கக் கூடாது, ஒட்டு இளகும். உடம்பு ஒரே மரம், அதில் ஒட்டு கிடையாது. கழுத்தில்தான் விரல் பலகை ஒட்டியிருந்தது. இரண்டு மரத்தையும் ஒன்றாகப் பிடித்திருப்பது அந்தப் பசை ஒன்றுதான்.

அவள் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சோறு வடித்தாள். ரவிச்சந்திரனிடம்கூடச் சொல்லவில்லை. சிவஞானத்துக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. புதன் முழுவதும் அதே பதில். வியாழன் மத்தியானம், பணிமனையின் பின்பக்கம் நின்று பதினேழாவது தடவையாகப் போட்டபோது மணி அடித்தது.

“ஹலோ, யாரு? அட ஜெயராணியா. சொல்லும்மா.”

“அண்ணே, அந்தக் கட்டை…”

“அதுக்கென்ன, ராஜா மாதிரி தொங்குது. மெயின் எஞ்சினை நிப்பாட்டிட்டாங்கல்ல, அந்த இடத்துல சூடே இல்ல. உனக்கு அவசரம்னு சொன்னியே, அதான் நானே எடுத்து ஜெனரேட்டர் பைப்புக்குப் பக்கத்துல கட்டிட்டேன். கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. ஃபஸ்ட் கிளாஸா காயுது.”

ஜெயராணி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“எப்பண்ணே மாத்தினீங்க?”

“முந்தாநாளே மாத்திட்டேன். டென்ஷன் மத் லோ, கவலைய விடு.”

“அதைக் கழட்டிருங்கண்ணே. இப்பவே. உங்க கேபின்ல வச்சிருங்க.”

“கழட்டணுமா? காய வேணாமா? பொம்பளைங்க சொல்றது ஒண்ணும்…” என்று தொடங்கியவர், அவள் மூச்சைக் கேட்டாரோ என்னவோ, “சரிம்மா, இதோ போறேன்” என்றார். அதோடு தொடர்பு விட்டது. போனாரா, எஞ்சின் அறையில் வேறு வேலை வந்து மறந்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அன்று சாயங்காலம் தேவேந்திரன் கூப்பிட்டான். விடிகாலை பஸ்ஸில் ஏறி, காட்டுச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாக மட்டுமே விடும் கான்வாயில் காத்துக் கிடந்து, பெரார்கஞ்சில் தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“அக்கா, ஆயிடுச்சா?”

“கப்பல் வரணும் தம்பி. வந்ததும் சொல்றேன்.”

“நெக் மட்டும்தானே பாக்கி?”

“ஆமா. நெக் மட்டும்தான்.”

சொன்னது பொய்யில்லை. ஆனாலும் முழு உண்மையும் இல்லை. ஆணியில் தொங்கிய செம்புக் கம்பியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கைக்கு அது பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் காற்று அடங்கிவிட்டது. மத்தியானம் கப்பல் வந்துவிட்டது. ஜெயராணி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினால், கேட்டுக்கு வெளியே தேவேந்திரன் நின்றுகொண்டிருந்தான். கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டுத் தானே வந்திருந்தான். பிரித்துப் பார்க்கும்போது தனியாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சிவஞானம் போர்வைச் சுருளைக் கைக்குழந்தை போல ஏந்தி இறங்கினார். “நேத்து நீ சொன்னதும் கழட்டிட்டேன். பாரு, பிஸ்கெட் மாதிரி ஆயிருக்கும்.”

டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் வைத்துப் பிரித்தாள். வார்னிஷ் அழகாக இறுகியிருந்தது. கண்ணாடி போல மின்னியது. கழுத்தைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, துப்பாக்கி பிடிப்பவள் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். தலைப்பக்கம் இடதுபுறமாகத் திருகியிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தாள். விரல் பலகையின் கால் பகுதி மரத்தை விட்டு எழும்பியிருந்தது. மெதுவாக அமுக்கினால் வாய் போல மூடித் திறந்தது.

“என்னக்கா?” என்றான் தேவேந்திரன்.

சொல்லாமல் இருக்க ஒரு வழி இருந்தது. ‘நாளைக்கு வா தம்பி, முடிச்சு வைக்கிறேன்’ என்று அனுப்பிவிடலாம். அவள் வாய் அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

“ஒட்டு விட்டுடுச்சு தம்பி. சூட்டுக்கு இந்தப் பசை ஆகாதுன்னு எனக்குத் தெரியல. கழுத்தும் திருகிடுச்சு. தப்பு என்னோடது.”

அவன் கழுத்தை வாங்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான்.

“நான்தான் பைப்புகிட்ட கட்டினேன், நானு” என்றார் சிவஞானம். அவர் தொப்பியைக் கழற்றி உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“என் பழசைத் திருப்பி மாட்டிற முடியுமாக்கா?”

“மாட்டலாம். உன் விரல் எட்டாதே.”

“எட்டாது.” சுண்டுவிரலை இன்னொரு கையால் நீட்டிப் பார்த்துவிட்டு, “கிட்டாரைப் புடிச்சுக்கிட்டு நின்னாலாவது போதும். நிக்கலன்னா என் இடம் போச்சு” என்றான்.

ஜெயராணிக்கு அந்தச் சொல் தாங்கவில்லை. “ஞாயித்துக்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குப் போனா போதும்ல? அதுவரைக்கும் எனக்குக் குடு. சரியா வரும்னு சொல்லமாட்டேன். செஞ்சு பாக்கறேன்.”

ரவிச்சந்திரனின் ஆட்டோவில் ஜெயராணியும் தேவேந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். வழியில் விஷயத்தைக் கேட்ட அவர் வழக்கமான கேலியைத் தொடங்கி, கண்ணாடியில் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சூடு கெடுத்ததைச் சூட்டாலேயே திருப்ப வேண்டும். ஜெயராணி இஸ்திரிப் பெட்டியை விரல் பலகையின் மேல் வைத்து வைத்து எடுத்தாள். மிச்சமிருந்த பசையும் இளகியது. மெல்லிய கத்தியை உள்ளே விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பலகையை முழுதாகப் பிரித்தாள். பழைய பசையைச் சுரண்டி எடுத்தாள். மோட்டார் வேலையில் பயன்படுகிற, இரண்டு டியூபைக் கலக்கும் பசையைப் பூசினாள்; அது ஒருமுறை இறுகினால் சூட்டுக்கும் அசையாது. இரண்டு நேரான இரும்பு ஆங்கிள்களுக்கு நடுவே கழுத்தை வைத்து, திருகலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு முடி அளவு கூடுதலாகத் திருகி, கையிலிருந்த எல்லாக் கிளாம்பையும் போட்டு இறுக்கினாள். ஒரு கிளாம்பு குறைந்தது. ரவிச்சந்திரன் ஆட்டோவிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்தார்.

“எவ்வளவு திருகணும்னு எப்படித் தெரியும் உனக்கு?” என்றார்.

“தெரியாது.”

“அப்புறம்?”

“கூடிப்போனா அந்தப் பக்கம் திருகிக்கும். குறைஞ்சா இந்தப் பக்கமே நிக்கும்.”

அதை இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, நூறு வாட் குண்டு பல்பு இரண்டை எரியவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஈர மோட்டாரை உலர்த்துகிற பழைய வழி அது. இளஞ்சூடு போதும், ஆனால் விடாமல் இருக்க வேண்டும். வெள்ளி இரவு இரண்டு முறை கரண்ட் போனது. ரவிச்சந்திரன் ஆட்டோ பேட்டரியில் சின்ன பல்பு ஒன்றை இணைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் வரை ஜெயராணி அலமாரியைத் திறக்கவில்லை. திறந்தால் சூடு போய்விடும். கதவில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். தேவேந்திரன் காலையிலேயே வந்து பின்கட்டில் உட்கார்ந்து பழைய முறுக்காணிகளுக்கு எண்ணெய் போட்டான், துடைத்தான், மறுபடியும் எண்ணெய் போட்டான்.

சனி சாயங்காலம் நான்கு மணிக்கு ஜாக்கியைத் தளர்த்தினாள். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். திருகல் போயிருந்தது. அல்லது, ஏறக்குறைய போயிருந்தது. விரல் பலகை அசையவில்லை. ஆணியிலிருந்த செம்புக் கம்பியை எடுத்துப் பின்பக்க வளைவில் வைத்தாள். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை.

உடம்போடு பூட்டி, கம்பி மாட்டி, போன் முள்ளைப் பார்த்துச் சுருதி சேர்த்து முடிக்க ஆறரை ஆகிவிட்டது. தேவேந்திரன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். இடது கை கழுத்தைச் சுற்றியது. சுண்டுவிரல் மெல்ல நகர்ந்து மேல் கம்பியைத் தொட்டது. தொட்டு, அமுக்கி, நின்றது. அவன் அந்த ஒரே ஸ்வரத்தை ஏழெட்டு முறை தட்டினான். பிறகுதான் வாசித்தான்.

ஜெயராணி அவன் விரல்களைப் பார்க்கவில்லை. கழுத்து கம்பிகளின் இழுப்பில் வளைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தடித்த கம்பியில், விரல் பலகையின் ஒரு கட்டத்தில், ‘ஜர்ர்’ என்று ஒரு கரகரப்பு வந்தது. அவன் நிறுத்தினான். மறுபடி தட்டினான். அங்கே மட்டும் வந்தது.

“ஏழாவது கட்டத்துல கொஞ்சம் பேசுதுக்கா.”

“மிச்சத் திருகல் அங்கதான் நிக்குது. அராவணும். அராவினா பக்கத்துக் கட்டத்தையும் அராவணும், ஒரு நாளாகும்.”

“விடுங்கக்கா. அந்தப் பக்கம் போகாம வாசிச்சுக்கறேன்.”

“கம்பி இழுப்புல மறுபடி திருகலாம். நான் எதுவும் நிச்சயமா சொல்ல முடியாது தம்பி. பாதி மேடையில…”

“அக்கா” என்றான் அவன். “என் விரல் எட்டுது.”

ஞாயிறு முழுவதும் அவள் மனம் பஸ்ஸிலேயே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் கழுத்து என்ன ஆகும், பஸ்ஸை ஏற்றிக் கடக்கும் பாராடாங் படகில் தண்ணீர் தெறித்தால் என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தேவேந்திரனிடமிருந்து ‘வந்துட்டேன்’ என்று ஒரு வரி வந்தது. திங்கட்கிழமை பணிமனையில் பம்பு மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றும்போது இரண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போய், பிரித்து முதலிலிருந்து சுற்றினாள். அப்படி நடந்ததே இல்லை.

நிகழ்ச்சி ஆறரைக்கு. ஏழு மணியானது. ஏழரையானது. போனை மேசையில் வைத்தாள், எடுத்தாள். கூப்பிட்டால் மேடையில் இருப்பான். கூப்பிடாவிட்டால் மேடையிலேயே இல்லையோ என்று இருந்தது. கழுத்து திருகி, அவன் கிட்டாரைச் சும்மா பிடித்துக்கொண்டு கீபோர்டுக்காரருக்குப் பின்னால் நிற்பதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

எட்டு மணிக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. நாற்பது வினாடி. பந்தலில் யாரோ எடுத்தது. ஜெயராணி காதோடு வைத்தாள். ஒரே மேளம், கைதட்டல், பக்கத்தில் யாரோ வங்க மொழியில் பிள்ளையைக் கூப்பிடுவது, அதற்கெல்லாம் மேலே கீபோர்டு. கிட்டார் எங்கே என்று தெரியவில்லை. கீபோர்டிலேயே கிட்டார் சத்தம் வரும் என்றுதானே குழுத் தலைவர் சொன்னாராம். இது எது?

பிறகு கீபோர்டு நின்றது. மேளம் மட்டும் மெதுவாக ஓட, தனியாக ஒரு இழை மேலே ஏறியது, இறங்கியது, தடித்த கம்பிக்கு வந்தது. ‘ஜர்ர்.’

அவள் பின்னால் இழுத்து மறுபடி போட்டாள். ‘ஜர்ர்.’

“என்ன, எங்க கேக்குது உன் கிட்டாரு?” என்று ரவிச்சந்திரன் காதைக் கொண்டுவந்தார். “எனக்கு மேளம்தான் கேக்குது.”

“இருங்க. இப்ப வரும். இதோ, இந்த இடம்.”

“இதா? ஏதோ உரசற மாதிரி இருக்கே.”

“ஆமா” என்றாள் ஜெயராணி. “அந்தப் பக்கம் போகமாட்டேன்னு சொன்னான். போயிட்டான்.”

இன்னொரு முறை கேட்டாள். அஷ்டமியும் நவமியும் பாக்கி இருந்தன. அதுவரை கழுத்து தாங்க வேண்டும். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். எழுந்துபோய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அணைந்திருந்தது. திரும்பி வந்து, ஏழாவது கட்டத்தை அராவ எந்த அரத்தை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தாள்.